செம்பும் செவியும்

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும், சங்கீதம் கேட்பதையே வாழ்வின் தலையாய இன்பமாகக் கொண்டு, மார்கழிதோறும் சபா சபாவாக ஏறி இறங்கி, எஞ்சிய மாதங்களில் வீட்டிலுள்ள இசைத்தட்டுகளோடும் ஒலிநாடாக்களோடும் பொழுதைப் போக்கும் ரசிகர்கள் இன்றும் பலர் உண்டு. மந்தர சட்ஜத் தந்தியை மீட்டியதும் அதிலிருந்து தானே எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டு, தம்பூரா சேர்ந்ததா இல்லையா என்று தீர்மானிக்கும் செவி அவர்களுடையது. அத்தகைய செவி படைத்த ஒருவர், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியை மாற்றியவுடனே வீணையின் நாதம் தெளிவு பெற்றது என்றும், மிருதங்கத்தின் தொப்பி கனத்து ஒலித்தது என்றும் கூறுவாரானால், அந்தச் சொல்லை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அதே தெருவில் குடியிருந்து, அதே கச்சேரிகளைக் கேட்டு, ஆனால் மின்னியலையும் முறையாகக் கற்ற மற்றொருவர், "இரண்டரை ஸ்கொயர், அதாவது இரண்டரை சதுர மில்லிமீட்டர், செம்பு இருந்தால் போதும், அதற்கு மேல் செவிக்கு ஒன்றும் எட்டாது" என்று உறுதியாகச் சொல்லும்போது அதையும் ஒதுக்கிவிட முடியாது. இவ்விரு கட்சிகளுக்கும் உள்ள பிரமாணங்கள் யாவை, அவை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நிதானமாக விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசாரணைக்கு அவசியம் இல்லாமல் இல்லை. மவுண்ட் ரோட்டை அடுத்த ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் மீட்டருக்குச் சில பத்து ரூபாய் கொடுத்து வாங்கக்கூடிய செம்புக் கம்பி செய்யும் வேலையையே செய்வதற்கு, லட்ச ரூபாய்க்கு மேல் விலையிட்ட கம்பிகளும் உலகச் சந்தையில் விற்பனையாகின்றன. ஓய்வூதியத்தில் வாழும் ரசிகர் ஒருவர் தம் சேமிப்பை அதில் இடுவதற்கு முன், இடுவதால் கிடைப்பது நாதமா, மனநிறைவு மட்டுமா என்று அறிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

இரண்டு தலைமுறைக்கு முன்பு இக்கேள்வியே எழுந்ததில்லை என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். சென்னை இல்லங்களின் கூடத்தை அலங்கரித்த வால்வு ரேடியோவிலும் ரேடியோகிராமிலும் ஒலிபெருக்கி அதே மரப்பெட்டிக்குள்ளேயே அமைந்திருந்தது. இடையே ஓடிய கம்பி ஒரு முழமும் இராது. பின்னர் ஆம்ப்ளிஃபயர் ஓரிடத்திலும் ஸ்பீக்கர்கள் வேறிடத்திலுமாகப் பிரிந்தபோதும், மேஜை விளக்குக்குப் போடும் இரட்டைக் கம்பியையே உலகெங்கும் பயன்படுத்தினார்கள். 1970களின் பிற்பகுதியில்தான், அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் எஞ்சினியராக இருந்த நோயல் லீ என்பவர், தடித்த ஸ்பீக்கர் கம்பியைத் தனிப் பண்டமாக்கி, மான்ஸ்டர் கேபிள் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அதன் பின் வெள்ளி, ஆக்சிஜன் நீக்கிய செம்பு, பட்டுநூல் உறை, ஒருதிசைக் கம்பி என்று வகைகள் பெருகின. 2007ஆம் ஆண்டில், பேர் என்ற நிறுவனத்தின் ஆஞ்ஜூ என்னும் கம்பி 7,250 டாலருக்கு, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாய்க்கு, விற்கப்பட்டது. அதைச் சாதாரணக் கம்பியிலிருந்து செவியால் மட்டும் பிரித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். கம்பி நிறுவனம் பின்வாங்கியதால் அந்தப் பரீட்சை நடக்கவே இல்லை. நடவாத பரீட்சை எந்தக் கட்சிக்கும் பிரமாணம் ஆகாது. ஆகையால் அதை இவ்வளவோடு விட்டுவிடலாம்.

சாஸ்திரம் சொல்வது என்ன? மின்கம்பிக்கு மூன்று குணங்கள் முக்கியமானவை: மின்தடை, மின்தேக்கம், மின்தூண்டம். ஸ்பீக்கர் கம்பியில் பிரதானமானது மின்தடை. நம் ஊர்க் கடைகளில் 14/76 என்றும் 40/76 என்றும் கேட்டு வாங்கும் கம்பிகளை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்தின் பதினாயிரத்தில் எழுபத்தாறு பங்கு பருமனுள்ள செம்பிழைகள் முன்னதில் பதினான்கு, பின்னதில் நாற்பது. குறுக்குப் பரப்பு முறையே ஏறத்தாழ 0.41, 1.17 சதுர மில்லிமீட்டர். பத்து மீட்டர் தூரத்துக்கு இவற்றை இழுத்தால், போகவும் வரவுமாக இருபது மீட்டர் செம்பின் தடை முன்னதில் 0.84 ஓம், பின்னதில் 0.29 ஓம் ஆகும். ஸ்பீக்கரின் தடையோ ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறுவது. எட்டு ஓம் என்று பின்புறத்தில் எழுதியிருந்தாலும், ஓரிடத்தில் நான்காகவும் மற்றோரிடத்தில் இருபதாகவும் அது இருக்கக்கூடும். ஆகவே கம்பியின் தடை எல்லா ஸ்வரங்களையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், 14/76 கம்பியில் இவ்விரு இடங்களுக்கும் இடையே 1.3 டெசிபல் ஏற்றத்தாழ்வு உண்டாகிறது. 40/76 கம்பியில் அது அரை டெசிபலாகவும், இரண்டரை ஸ்கொயர் கம்பியில் கால் டெசிபலுக்கும் குறைவாகவும் சுருங்கிவிடுகிறது. ஒரு டெசிபலுக்கு மேற்பட்ட மாறுதலைப் பழகிய செவி உணரும். கால் டெசிபல் என்பது, மிகச் சாதகமான நிலையிலும், உணர்ச்சியின் எல்லையிலேயே நிற்பது. எனவே மெலிந்த கம்பியை நீக்கித் தடித்த கம்பியைப் போட்டவர் "வித்தியாசம் கேட்டது" என்றால், அவர் சொன்னது உண்மையே. தடித்த கம்பியை நீக்கி அதைவிட நூறு மடங்கு விலையுள்ள தடித்த கம்பியைப் போட்டவர் அவ்வாறு சொன்னால், அந்த வித்தியாசத்துக்குச் செம்பில் இடமில்லை. ஆக்சிஜன் நீக்கிய செம்பு, சாதாரண மின்செம்பைவிட நூற்றில் ஒரு பங்கு அளவே கூடுதலாக மின்சாரத்தைக் கடத்துகிறது. வெள்ளிகூடச் செம்பைவிட நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் மேல். கம்பியை இன்னும் சற்றுத் தடிப்பாக வாங்கினால் அந்த மேன்மை முழுவதும் செம்பிலேயே கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கை மைக் செட்காரர்கள் நெடுங்காலமாகவே கையாண்டு வந்திருக்கிறார்கள். பங்குனி மாதத்து அறுபத்துமூவர் உற்சவத்துக்காக மயிலை மாட வீதிகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் கம்பி இழுத்துப் பல ஒலிபெருக்கிகளை மாட்டும்போது, நூறு வோல்ட் லைன் என்ற முறையை அவர்கள் அனுசரிப்பதற்குக் காரணம் இதுவே. அழுத்தத்தை ஏற்றினால் மின்னோட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் மெல்லிய கம்பியிலும் நஷ்டம் குறையும்.

மின்தேக்கத்தின் கதை சற்று வேறு. பழைய இசைத்தட்டுகளை ஊசி வைத்துக் கேட்பவர்களிடம் இன்றும் பெரிதும் வழங்கும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜ், தன்னோடு இணைந்த கம்பியின் மின்தேக்கத்துக்கேற்பத் தன் உச்ச ஸ்வரங்களின் சாயலை மாற்றிக்கொள்ளும் ஸ்வபாவம் உடையது. கம்பியை ஒரு மீட்டர் நீட்டினாலேயே அளவுகோலில் மாறுதல் தெரியும். சில வேளைகளில் செவிக்கும் தெரியும். காந்தப் பிக்கப் பொருத்திய வாத்தியங்களுக்கும் இது பொருந்தும். காலஞ்சென்ற யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்திய எலெக்ட்ரிக் மாண்டலின் போன்ற வாத்தியத்தில், பிக்கப்பின் தூண்டமும் கம்பியின் தேக்கமும் சேர்ந்தே மேல்ஸ்தாயியின் பிரகாசத்தை நிர்ணயிக்கின்றன. நீண்ட கம்பி நாதத்தை மழுக்கும். குட்டையான கம்பி துலக்கும். இங்கே கம்பிக்குக் குரல் உண்டு என்று தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் குரலை மாற்றுவது கம்பியின் நீளமும் அமைப்புமேயன்றி விலை அன்று.

இதைவிட முக்கியமானது, நம் சபாக்களில் எவரும் கேட்டிருக்கக்கூடிய "ஹம்" என்ற ரீங்காரம். இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், கம்பி சங்கீதத்தை உண்மையாகவே கெடுக்கும் இடம் இதுதான், கவனிப்பாரற்றுக் கிடப்பதும் இதுதான். நம் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை திசை மாறுவது. அது ஒலித்தடத்தில் கலந்தால் 50, 100, 150, 200 என்ற அதிர்வெண்களில் நாதமாக வெளிப்படும். ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண்மணியின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 196 அதிர்வுகள். மேடையில் தம்பூரா 196இல் ஒலிக்க, ஒலிபெருக்கியிலிருந்து 200இல் ஒரு மெல்லிய ரீங்காரம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால், விநாடிக்கு நான்கு முறை அவை ஒன்றோடொன்று மோதும். ஒரு கட்டையில் பாடும் ஆண்மகனுக்கோ அதே 200 அதிர்வு அவருடைய பஞ்சமத்துக்குச் சற்று மேலே போய் நிற்கும். இரண்டு நிலையிலும் விலகல் ஏறத்தாழ முப்பத்துநான்கு சென்ட். பிரமாண சுருதி என்று சாஸ்திரம் வகுத்த இருபத்திரண்டு சென்ட் அளவினும் அது பெரிது. சுருதி சேர்ப்பதற்கு அவ்வளவு பாடுபடும் ஒரு சங்கீத மரபு, கச்சேரி முழுவதும் நிற்காது ஒலிக்கும் ஓர் அபஸ்வரத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பது வருந்தத்தக்கது.

இந்த ரீங்காரம் வருவது எங்கிருந்து? பெரும்பாலும் எர்த் இணைப்பின் குறையிலிருந்தும், மேடை விளக்கின் மங்கலாக்கும் கருவிக்கு அருகே மைக் கம்பியை ஓடவிட்டதிலிருந்தும், எலெக்ட்ரானிக் தம்பூராவின் அடாப்டரிலிருந்தும், ஒலிப்பதிவுக்காக யாரோ இணைத்த லேப்டாப்பிலிருந்துமே வருகிறது. இதற்குப் பரிகாரம், இரண்டு கடத்திகளும் ஒரு கவசமும் கொண்ட பேலன்ஸ்டு கம்பி. அதில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரு கடத்திகளில் செல்ல, வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே விதமாகச் சேர்ந்து, கடைசியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது தானே அழிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு விசேஷ உலோகம் எதுவும் வேண்டியதில்லை. சாதாரண விலையில் கிடைக்கும் எக்ஸ்எல்ஆர் கம்பியும், அக்கறையோடு பற்றவைக்கும் கையும் போதும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை வீசுவது உப்புக்காற்று. அதன் ஈரத்தில் பித்தளையும் நிக்கலும் பாசி பிடிப்பதுபோல் மங்கி, இணைப்புகள் தளர்ந்து, தொடும் இடத்தில் தடை ஏறிவிடும். ஒலி கரகரக்கும், ஒரு பக்கம் அடங்கும், சில ஸ்வரங்களில் பிசிறு தட்டும். வீட்டில் பல ஆண்டுகளாக மாட்டிக் கிடந்த கம்பியைக் கழற்றி, புதியதொன்றைச் செருகியவுடன் சங்கீதம் பளிச்சென்று கேட்பது இயல்பு. கேட்டது மெய், காரணம் என்று கருதியது மட்டும் பிழை. பழைய கம்பியையே கழற்றித் துடைத்து மீண்டும் செருகியிருந்தாலும் அதே பளிச்சென்ற ஒலி கேட்டிருக்கும். கம்பி விவாதத்தில் நேர்மையுள்ள பலருடைய அநுபவத்துக்கு இதுவே விளக்கம் என்று நான் எண்ணுகிறேன்.

இனிப் பரீட்சைகளுக்கு வருவோம். 1983ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஸ்டீரியோ ரெவ்யூ என்ற அமெரிக்கப் பத்திரிகையில் லாரன்ஸ் கிரீன்ஹில் என்பவர் ஸ்பீக்கர் கம்பிகளைப் பற்றிய ஒரு சோதனையை வெளியிட்டார். மான்ஸ்டர் கம்பி, சாதாரண விளக்குக் கம்பி, மிக மெல்லிய கம்பி ஆகியவற்றை, எது எது என்று சொல்லாமல், பழகிய செவியினரைக் கேட்கச் செய்தார். மெல்லிய கம்பி அகப்பட்டுக்கொண்டது. சங்கீதத்தைக் கொண்டு கேட்டபோது மான்ஸ்டரையும் விளக்குக் கம்பியையும் பிரித்தறிய முடியவில்லை. மேலே நாம் போட்ட கணக்கும் இதையே சொன்னது. கம்பியை விட்டுச் சற்று விலகி நோக்கினால், 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் பாஸ்டன் நகரில் நடத்திய ஆராய்ச்சி கிடைக்கிறது. உயர்தர ஒலிப்பதிவை நேரே ஒரு முறையும், சி.டி.யின் அளவுக்குக் குறைத்து ஒரு முறையும் ஒலிக்கச் செய்து, 554 தடவை கேட்டதில் 276 தடவையே விடை சரியாயிற்று. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அத்தனையே வந்திருக்கும்.

கண் பார்க்கும்போது செவி எவ்வாறு வசப்படுகிறது என்பதைக் கனடாவைச் சேர்ந்த ஃபிளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994இல் காட்டிய சோதனை மிகத் தெளிவாக விளக்குகிறது. திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு சிறிய, மலிவான ஸ்பீக்கர், திரையை நீக்கியதும் அதே மனிதர்களிடம் மதிப்பை இழந்தது. கேட்டவர்களோ ஒலித்துறையிலேயே தொழில் புரிபவர்கள். பயிற்சி பக்ஷபாதத்தை நீக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி கிடையாது. வயலின் விஷயத்திலும் இவ்வாறே நடந்தது. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் கிளாடியா ஃபிரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் ஜோசப் கர்ட்டின் என்ற வயலின் செய்பவரும், இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி, மூன்று புதிய வயலின்கள் ஆகிய ஆறையும் 21 வித்வான்களிடம் கொடுத்து வாசிக்கச் செய்தார்கள். மங்கிய வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி அணிவித்தார்கள். பழைய மரத்தின் மணமே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று மோவாய்ப்பலகையில் வாசனைத் தைலமும் தடவினார்கள். முடிவில் பெரும்பாலோர் பழையது எது, புதியது எது என்று சொல்ல இயலாமற்போனதோடு, மிகக் குறைவாக விரும்பப்பட்டதும் ஒரு ஸ்ட்ராடிவாரியாகவே இருந்தது. லட்சக்கணக்கான டாலர் பெறும் வாத்தியத்துக்கே இது கதி என்றால், கம்பிக்கு நாம் திரை போடத் தயங்குவானேன்?

திரை போட்டுக் கேட்பது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த வழக்கம் அன்று. 1938ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் தேதி தொடங்கிய சென்னை வானொலி நிலையம், 1950களில் அமைச்சர் கேஸ்கர் கொண்டுவந்த முறையின்படி, பாடகரின் பெயர் தெரியாமல் ஒலியை மட்டும் கேட்டுத் தகுதியை நிர்ணயிக்கும் தேர்வைக் கைக்கொண்டது. அந்நாளில் பல வித்வான்களுக்கு அது மனத்தாங்கலை உண்டாக்கியது. ஆயினும் புகழையும் குருபரம்பரையையும் ஒதுக்கி நாதத்தை மட்டும் எடைபோட வேண்டும் என்ற அதன் தத்துவம் சரியானது. மனிதக் குரலுக்கே அவ்விதமான பரீட்சையைப் பொருத்தமெனக் கண்ட ஊர் இது. நியாய சூத்திரமும் பிரத்யட்சத்துக்கு இலக்கணம் கூறுகையில், புலனும் பொருளும் கூடுவதால் மட்டும் அது பிரமாணமாகிவிடாது, பிறழாததாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. "என் காதால் கேட்டேன்" என்பது விசாரணையின் தொடக்கம். அது பிறழாதது என்று காட்டிய பிறகே பிரமாணம்.

எதிர்க்கட்சியின் ஆட்சேபங்களில் சில நியாயமானவை. அவற்றை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. பரீட்சையின் பதற்றத்தில் செவி மழுங்கும் என்கிறார்கள். இருக்கலாம், ஆனால் தெரியாமல் கேட்பது என்ற முறைக்கு அவசரம் இன்றியமையாததன்று. தம் வீட்டில், தம் நாற்காலியில், தமக்குப் பழகிய இசைத்தட்டைப் போட்டு, ஒரு பரீட்சைக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. பலமான ஆட்சேபம் வேறொன்று. பத்து தடவை கேட்டு ஒன்பதாவது சரியாகச் சொன்னால்தான் ஏற்போம் என்று விதித்தால், பத்தில் ஆறு சரியாகச் சொல்லக்கூடிய மெய்யான ஆற்றல் உடையவரும், நூறு பரீட்சைகளில் ஐந்தில்கூடத் தேற மாட்டார். ஆகவே குறுகிய பரீட்சையில் தோற்றவருக்குச் செவியே இல்லை என்று தீர்ப்பளிப்பது அநியாயம். உயர்தர ஒலிப்பதிவைப் பற்றிய 18 ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி ஜோஷுவா ரைஸ் என்பவர் 2016இல் வெளியிட்ட தொகுப்பில், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகளைச் சேர்த்துப் பார்க்கையில் சிறியதொரு வித்தியாசம் தென்பட்டதும், பயிற்சி பெற்றவர்களிடம் அது கூடுதலாக இருந்ததும் இங்கே கருதத்தக்கவை. அது கம்பியைப் பற்றியது அன்று. எனினும் அடக்கத்தைப் போதிக்கிறது. அடக்கம் மறுபுறத்துக்கும் வேண்டும். வெறும் ஊகத்தால் பத்துக்கு ஒன்பது வாங்குவது நூற்றில் ஒருவருக்கே கிட்டும் என்றாலும், இருபது பேரைச் சோதித்தால் அவர்களில் எவரேனும் ஒருவருக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் சாத்தியம் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அந்த ஒருவரைத் "தங்கச் செவியர்" என்று கொண்டாடுமுன் அவரை மறுநாளும் சோதிக்க வேண்டும்.

சங்கீதத்தில் ஊறிய செவி எதற்குப் பழகியது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாநிலக் கல்லூரியில் படித்துப் பின் கல்கத்தாவில் ஆராய்ந்த சர் சி. வி. ராமன், தம்பூராவின் வளைந்த குதிரையைப் பற்றி 1921இல் எழுதியபோது, தந்தியை எந்த இடத்தில் மீட்டினாலும் எல்லா அநுஸ்வரங்களும் எழுகின்றன என்றும், மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில அடங்கிவிட வேண்டும் என்ற யங்கின் விதி இங்கே பலிக்கவில்லை என்றும் காட்டினார். குதிரையின் மேல் வைக்கும் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினால் நாதம் உயிர் பெறுவதை நம்மவர் தலைமுறைகளாகச் செவியால் அறிந்திருந்தார்கள். விஞ்ஞானம் பின்னால் வந்து அதை உறுதி செய்தது. "செவி முந்தும், அளவுகோல் பின்வரும், கம்பி விஷயத்திலும் அவ்வாறே ஆகும்" என்று சிலர் இதையே உதாரணம் காட்டுவதுண்டு. ஆனால் ஜீவா நூலின் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்ட எவரும் முதல் மீட்டிலேயே சொல்லிவிடுவார். கம்பியின் வித்தியாசமோ கண்ணை மூடியவுடன் மறைகிறது. இரண்டும் ஒரே ஜாதி ஆகா.

மேலும், கம்பியை மாற்ற எழுந்தவர் மீண்டும் உட்காரும்போது தலை பழைய இடத்தில் இருப்பதில்லை. ஐயாயிரம் அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. மொசைக் தரையும் கான்கிரீட் கூரையும் வெறும் சுவருமான நம் அறைகளில், தலை நான்கு விரற்கடை நகர்ந்தாலே உச்ச ஸ்வரங்கள் பல டெசிபல் ஏறி இறங்கும். எந்த நல்ல கம்பியும் அந்த அளவுக்கு மாறுதல் செய்யாது. நுண்ணிய நாதபேதத்தைச் செவி சில விநாடிகளே நினைவில் வைத்திருக்கும் என்பதையும், ஒலி அணுவளவு கூடினாலும் அதையே மேலானதென்று மனம் கொள்ளும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொண்டால், கம்பியை மாற்றியதும் ஏதோ ஒரு வித்தியாசம் கேளாமல் இருப்பதுதான் அதிசயம்.

டிஜிட்டல் கம்பிகளைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியதில்லை. எண்கள் பிழையின்றிப் போய்ச் சேரும் வரை ஒரு கம்பிக்கும் மற்றொன்றுக்கும் பேதமில்லை, சேராதபோது ஒலி அறுந்து நின்றுவிடும். துணைமின் நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் மின்கம்பி புனிதப்படுத்தும் என்ற கூற்றும் அவ்விதமே.

ஆக, என் தீர்ப்பு இது: மெலிந்த கம்பி, நீண்ட கம்பி, கவசமற்ற கம்பி, துருவேறிய இணைப்பு ஆகிய குறைபாடுகளைச் செவி கேட்கும், குறைபாடற்ற இரண்டு கம்பிகளைப் பிரித்துக் கேட்ட செவியை நான் அறிந்த திரைமறைவுச் சோதனைகள் காட்டவில்லை. வீட்டுக்கு இரண்டரை ஸ்கொயர் செம்பும், ஆண்டுக்கொரு முறை துடைத்த இணைப்பும் போதும். மிச்சப்படும் பணத்தை ஸ்பீக்கருக்கும், அறையில் தொங்கவிடும் கனத்த திரைச்சீலைக்கும் செலவிடலாம்.

சபா நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இரண்டு. மார்கழி தொடங்குமுன் மேடையின் எர்த் இணைப்பையும் மைக் கம்பிகளையும் ஒருமுறை பரிசோதித்து, அந்த ஐம்பது அதிர்வு அபஸ்வரத்தை அரங்கைவிட்டு அகற்ற வேண்டும். மற்றொன்று மியூசிக் அகாடமிக்கு: டிசம்பர் மாதத்துக் காலைச் சொற்பொழிவுகளில் ஒன்றை இந்தக் கேள்விக்கு ஒதுக்கி, விலையுயர்ந்த கம்பி ஒன்றும் ரிச்சி தெருக் கம்பி ஒன்றும் திரைக்குப் பின்னால் வைத்து, ஒலியளவை டெசிபலில் பத்தில் ஒரு பங்குக்குள் சமப்படுத்தி, விரும்பும் ரசிகர் ஒவ்வொருவருக்கும் பதினாறு வாய்ப்புகள் தர வேண்டும். பன்னிரண்டும் அதற்கு மேலும் சரியாகச் சொன்னவர்களை மறுநாள் காலையில் மீண்டும் அழைத்துக் கேட்கச் செய்ய வேண்டும். மறுநாளும் தேறுவோர் எவரேனும் இருப்பின், மேலே சொன்ன தீர்ப்பை நான் திருத்தி எழுதச் சித்தமாக இருக்கிறேன்.